கவுன்டருக்கு இந்தப் பக்கம்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜப்பானில் குடியிருந்தவர் பேச வருகிறார் என்றால் செர்ரிப் பூவும் புல்லட் ரயிலும் கோயில் தோட்டங்களும் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நல்ல பயண நூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவது, கரண்ட் பில் கட்டுவது, பார்சல் வாங்குவது, குப்பையைப் பிரித்து வைப்பது, உளுந்து தேடி ரயிலேறிப் போவது என்று நம் வீடுகளில் சில்லறை வேலை என்று தள்ளிவிடுகிற காரியங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சொந்த ஊரில் இவற்றை யோசிக்காமல் செய்துவிட்டு மறந்துபோகிறோம். அயல் ஊரில் ஒவ்வொன்றும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளும், சில நேரம் தூக்கத்தையும்.

ஏன் இதைப் பேச வேண்டும்? ஜப்பானில் வாழும் வெளிநாட்டவருக்கு வாக்குரிமை கிடையாது. நாடாளுமன்றத் தேர்தலில் மட்டும் இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். உள்ளாட்சித் தேர்தலிலும் இல்லை. நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர்களுக்கு உள்ளாட்சி வாக்கு தருவதை அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்று 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. இன்று அங்கே வாழும் வெளிநாட்டவர் 35 லட்சத்துக்கும் மேல். வரி கட்டுகிறார்கள், ஓய்வூதியச் சந்தா கட்டுகிறார்கள், மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். இவர்கள் அரசை நேருக்கு நேர் பார்க்கிற ஒரே இடம் கவுன்டர். ஓட்டுச் சாவடிக்குப் போக முடியாத மனிதருக்கு வரிசை எண் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த இருக்கையில்தான் குடிமை வாழ்வு நடக்கிறது. ஆகவே சில்லறை வேலை என்பது சில்லறை விஷயம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவின் 23 தனி வார்டுகளில் கிழக்கு ஓரத்தில் இருப்பது எடோகாவா. நகர மையத்திலிருந்து டோசாய் தடத்தில் வந்தால் ரயில் அரகாவா ஆற்றைக் கடந்ததும் வரும் முதல் நிலையம் நிஷி-கசாய். 1979இல் திறந்த நிலையம் அது. கல்கத்தாவிலிருந்து வந்த தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திரானி ஏறத்தாழ அதே காலத்தில் அங்கே குடிவந்தார். இருபது ஆண்டு கழித்து, 2000 பிறக்கும்போது கணினிகள் தேதியைக் குழப்பிக்கொள்ளும் என்று உலகமே பயந்த நேரத்தில், இந்தியாவிலிருந்து மென்பொருள் பொறியாளர்கள் டோக்கியோவுக்கு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை, சாப்பாடு பிடிபடவில்லை. சந்திரானி வீடு பார்த்துக் கொடுத்தார்; அவர்கள் சாப்பிடுவதற்காக ஓர் உணவகமும் தொடங்கினார். நிஷி-கசாயில் இன்று பருப்பும் மசாலாவும் விற்கும் கடைகள் இருப்பதற்கும், காலை ரயிலில் தமிழும் தெலுங்கும் இந்தியும் கேட்பதற்கும் வேர் அங்கே இருக்கிறது. எந்த அரசுத் திட்டமும் அந்தக் குடியிருப்பை உருவாக்கவில்லை. ஒருவர் மற்றவர்களின் சில்லறை வேலைகளைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வீடு கிடைக்கவில்லை என்றேன். அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். டோக்கியோவில் தனியார் வீடு எடுக்க முன்பணம் வேண்டும். வீட்டுக்காரருக்கு மரியாதைப் பணம் என்று திரும்பி வராத ஒரு தொகையும் பல இடங்களில் உண்டு. உத்தரவாதி ஒருவர் வேண்டும், இல்லையென்றால் அதற்கென்றே இருக்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். இவை எல்லாம் இருந்தும், வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்தால் கதவு மூடும். ஜப்பானிய நீதி அமைச்சகமே எடுத்து 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். யூஆர் என்ற பொதுத்துறை வாடகைக் குடியிருப்புகள் இதற்கு விலக்கு. அங்கே மரியாதைப் பணம் இல்லை, உத்தரவாதி இல்லை. வருமானமும் வசிப்பு அனுமதியும் சரியாக இருந்தால் போதும். நிஷி-கசாயைச் சுற்றி அந்தக் குடியிருப்புகள் நிறைய இருப்பதால்தான் நம்மவர்கள் அங்கே திரண்டார்கள். ஓர் இனம் ஓரிடத்தில் கூடி வாழ்கிறது என்றால் அது அவர்களுடைய குணம் என்று பேசுகிறோம். வாடகை ஒப்பந்தப் படிவத்தை எடுத்துப் படித்தால் காரணம் அதில் இருக்கும்.

சரி, வீடு கிடைத்தது. அடுத்து வார்டு அலுவலகம். விமான நிலையத்தில் இறங்கியதும் கையில் ஒரு வசிப்பு அட்டை தருவார்கள். அதில் முகவரி இருக்காது. குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகம் போய்ப் பதிந்தால், அட்டையின் பின்புறம் ஒற்றை வரியில் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கைபேசி இணைப்பு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. காப்பீடு வந்துவிட்டால் மருத்துவச் செலவில் பெரியவர்கள் கட்ட வேண்டியது 30 விழுக்காடுதான். அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்று இதிலேயே தெரியும்.

அந்த முகவரியும் நமக்குப் பழகியதுபோல் இருக்காது. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பேட்டை, அதன் பிரிவு, பிரிவுக்குள் மனைத் தொகுதி எண், தொகுதியைச் சுற்றி வரும் வரிசையில் வீட்டு எண். 1962ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன்பு நிலப் பதிவேட்டில் மனைக்கு இருந்த எண்தான் முகவரி. பக்கத்துப் பக்கத்து வீடுகளின் எண்கள் எட்டி எட்டி நிற்கும். மூலைக்கு மூலை இருக்கும் சிறிய காவல் சாவடிகளில் அந்த வட்டாரத்தின் பெரிய வரைபடம் வைத்திருப்பார்கள். வழி சொல்வது அங்கே காவலருடைய அன்றாடப் பணிகளில் ஒன்று. அவரிடம் போய்க் கேட்க நம் மனம் முதலில் துணியாது. காவல் நிலையம் என்றால் நமக்கு வேறு நினைவுகள்.

வார்டு அலுவலகக் கவுன்டருக்கு ஒரு வரலாறு உண்டு. அங்கே போகிற ஒவ்வொரு தமிழ் இளைஞருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் ஜப்பானுக்கு வந்து உழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1952இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அவர்களுடைய ஜப்பானியக் குடியுரிமை போனது. அங்கேயே பிறந்த குழந்தைகளும் வெளிநாட்டவர் ஆனார்கள். அதே ஆண்டு வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் வந்தது. 1955 முதல் விரல் ரேகையும் கட்டாயமாயிற்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வார்டு அலுவலகம் போய் இடது சுட்டுவிரலை மையில் உருட்டி வைக்க வேண்டும். நம் ஊரில் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதுபோல் அது வெறும் சடங்கு இல்லை. ஜப்பானியரில் ரேகை கொடுக்க வேண்டியவர் குற்ற வழக்கில் கைதானவர்தான். ஜப்பானிய மொழியைத் தவிர வேறு மொழி தெரியாத பள்ளிப் பிள்ளைகளுக்கு, வயது வந்ததும் கவுன்டரில் போய்க் கையை நீட்டுகிற நாள் வரும்.

1980இல் ஹான் ஜோங்-சோக் என்ற கொரியர் டோக்கியோவின் ஷின்ஜூக்கு வார்டு அலுவலகத்தில் விரலைத் தர மறுத்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். கோஷம் இல்லை, கூட்டம் இல்லை. புதுப்பிக்கப் போன இடத்தில் முடியாது என்று சொன்னார். அவர்மேல் வழக்குத் தொடுத்தார்கள், 1984இல் நீதிமன்றம் 10,000 யென் அபராதம் விதித்தது. அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானோர் மறுத்தார்கள். கொரியர் மட்டுமல்லாமல் பிற நாட்டவரும் மறுத்தார்கள். மறுத்தவர்கள்மேல் காவல்துறையில் புகார் தர மாட்டோம் என்று சில நகராட்சிகளே நின்றன. கவுன்டரின் அந்தப் பக்கம் அமர்ந்திருந்த எழுத்தர்களில் பலருக்கும் அந்த மைப்பெட்டி பிடிக்கவில்லை. 1993 முதல், தலைமுறை தலைமுறையாக வாழும் கொரியர்களுக்கும் நிரந்தரமாக வசிப்போருக்கும் ரேகை நீங்கியது. 2000இல் அந்தச் சட்டத்தின்கீழ் எல்லோருக்கும் நீங்கியது. 2012 ஜூலையில் சட்டமே போய், இன்றைய வசிப்பு அட்டை வந்தது. இடையில், 2007 நவம்பரில், விமான நிலையத்தில் வெளிநாட்டவரின் ரேகையை எடுக்கும் முறை வேறு காரணம் சொல்லி நுழைந்தது. அது இன்றும் இருக்கிறது.

நான் வார்டு அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது என் எண் வந்தது, ஒரு பெண் அலுவலர் படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார், அட்டையை இரண்டு கைகளாலும் ஏந்தித் திருப்பித் தந்தார். அந்த மரியாதையை ஜப்பானியப் பண்பாடு என்று புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு போராட்டம் வாங்கிக் கொடுத்த மரியாதை. எனக்காக அதை வாங்கித் தந்தவர்களுக்கு என் மொழியும் தெரியாது, என் நாடும் தெரியாது.

வங்கி, கைபேசி இரண்டையும் விரைவாகக் கடந்துவிடுகிறேன். புதிதாக வந்தவரை ஆறு மாதம் வரை அந்நியச் செலாவணிச் சட்டம் வெளியில் வசிப்பவராகவே கணக்கிடும். உள்ளூர் நிறுவனத்தில் வேலையில் இருப்பவருக்கு அது பொருந்தாது. ஆகவே மாணவராக வருபவருக்குத்தான் கணக்குத் திறப்பது கடினம். கணக்கு இல்லாமல் கைபேசி மாதக்கட்டணம் கட்ட வழி குறைவு, கைபேசி எண் இல்லாமல் கணக்குப் படிவம் நிறையாது. போதாததற்கு வங்கிக் கவுன்டர்கள் பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மூடிவிடும். கல்லூரியிலோ அலுவலகத்திலோ முன்னால் வந்த ஒருவர் கூட வந்தால்தான் இந்த முடிச்சு அவிழும். யாராவது உங்களுக்கு அப்படிக் கூட வந்திருந்தால் அடுத்தவருக்கு நீங்கள் போங்கள்.

இனிக் கடைகண்ணி.

1974 மே மாதம், கோட்டோ வார்டில் தொயோசு என்ற இடத்தில், ஒரு மதுக்கடை செவன்-இலெவன் கடையாக மாறியது. அந்நிறுவனத்துக்கு ஜப்பானில் அதுதான் முதல் கடை. அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கடை முறையை ஜப்பானியர் வேறொன்றாக ஆக்கினார்கள். 1987இல் டோக்கியோ மின் நிறுவனத்தின் பில்லைக் கடையில் கட்டலாம் என்று வந்தது. பிறகு எரிவாயு, தண்ணீர், வரி, ஓய்வூதியச் சந்தா எல்லாம் வந்து சேர்ந்தன. இரவு இரண்டு மணிக்கும் கட்டலாம். காகிதத்தில் பட்டைக்குறி இருக்கிறது. கடைக்காரர் அதை வருடி, பணம் வாங்கி, முத்திரை குத்திப் பாதியைக் கிழித்துத் தருவார். மொழியே வேண்டாம். வார்டு அலுவலகத்தின் வசிப்புச் சான்றைக்கூட இப்போது அடையாள எண் அட்டை இருந்தால் கடையின் நகல் இயந்திரத்திலேயே அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த நாட்டில் முதன்முதலாக யாருடைய துணையும் இல்லாமல் என்னால் ஒரு வேலையை முடிக்க முடிந்தது இந்தக் கடைகளில்தான். அது தந்த தெம்பை எளிதில் சொல்லிவிட முடியாது. சில்லறைக் காசை மட்டும் பழக வேண்டும்: 5 யென் நாணயத்தில் எண் கிடையாது, மதிப்பு கான்ஜி என்ற சீன வழி எழுத்தில்தான் இருக்கும். நடுவில் ஓட்டையும் பித்தளை நிறமும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் கடைக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவரைப் பாருங்கள். மார்பில் பெயர்ப்பட்டை இருக்கும். டோக்கியோவில் பல கடைகளில் அது நேபாளியப் பெயராகவோ வியட்நாமியப் பெயராகவோ மியான்மர்ப் பெயராகவோ இருக்கும். மாணவர்கள். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. பகலில் மொழி வகுப்பு, இரவில் கடை. பில் வாங்குவது, பார்சல் ஏற்பது, பொரித்த கோழி எடுத்து வைப்பது, முதியவருக்கு இயந்திரம் இயக்கக் கற்றுத்தருவது எல்லாம் அவர்கள்தான். ஜப்பானிய மூதாட்டி ஒருவருக்கு நேபாள இளைஞர் ஒருவர் அரசுப் படிவத்தை எப்படி அச்சிடுவது என்று மரியாதைத் தமிழுக்கு இணையான மரியாதை ஜப்பானியத்தில் விளக்கிக்கொண்டிருந்ததை நான் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். யார் யாருக்கு அயலார் என்ற கேள்விக்கு அந்தக் கவுன்டரில் பொருளே இல்லை. அந்த இளைஞருக்கும் ஓட்டு இல்லை.

வசதி என்று நாம் சொல்வது வேறொருவருடைய கால்களில் நடக்கிறது என்பதைப் பார்சல் விஷயத்தில்தான் தெளிவாகக் கண்டேன். வீட்டுக்கு வீடு பார்சல் கொண்டுபோகும் தொழிலை 1976 ஜனவரியில் யமாத்தோ நிறுவனத்தில் ஒகுரா மசாவோ தொடங்கினார். முதல் நாள் வந்தவை 11 பார்சல்கள். அதுவரை வீட்டார் அஞ்சலகத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ சுமந்து போனார்கள். இப்போது கோல்ஃப் மட்டையும் குளிர்ந்த மீனும் விமானப் பயணியின் பெட்டியும் வீட்டு வாசலில் ஏறி வாசலில் இறங்குகின்றன. நீங்கள் வீட்டில் இல்லையென்றால் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதிலுள்ள எண்ணுக்கு அழைத்தோ இணையத்திலோ நேரம் சொன்னால் மறுபடியும் வருவார்கள், கூடுதல் கட்டணம் இல்லாமல். பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பார்சல் இப்படி மறுநடை கண்டது. ஓட்டுநர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் நிற்காமல் ஓடினார்கள். 2017இல் அந்நிறுவனம் நண்பகல் 12 முதல் 2 மணி வரையான விநியோக நேரத்தையே நீக்கியது, அவர்கள் சாப்பிடட்டும் என்று. 2024 ஏப்ரலில் சரக்கு ஓட்டுநரின் மிகைநேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று சட்டம் உச்சவரம்பு கட்டியது. அதுவே எவ்வளவு அதிகம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி இல்லாத பகுதியில் இருந்தவர்கள், பார்சல் வரும் நேரத்தில் வெளியே போகக் கூடாது என்பதை ஒரு விரதம்போல் வைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன்.

இப்போது குப்பைக்கு வருகிறேன். இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஜப்பான் போய் வந்த எவரும் குப்பையைப் பற்றி ஒரு கதை சொல்வார். எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, எரியாததற்கு ஒன்று, தாளும் புட்டியும் டப்பாவும் வேறொரு நாள். காலை எட்டு மணிக்குள் உரிய இடத்தில் வைத்து, காகம் கொத்தாமல் வலையை இழுத்து மூட வேண்டும். பிழையாகப் பிரித்த பை அங்கேயே நிற்கும். காரணம் எழுதிய ஒட்டுச்சீட்டு அதன்மேல் இருக்கும். நாற்காலி, மெத்தை போன்ற பெரிய பொருள் என்றால் முன்பதிவு செய்து, கடையில் 200 யென், 300 யென் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வைக்க வேண்டும். இந்த ஒழுங்கைக் கண்டு வியந்து, அவர்கள் பிறவியிலேயே அப்படி என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அது உண்மையே இல்லை.

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1655இல், நகரத்துக் குப்பையை எல்லாம் எய்தாய் தீவுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டும்படி ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசு உத்தரவிட்டது. அந்த இடம் இன்றைய கோட்டோ வார்டில் இருக்கிறது. அன்றிலிருந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் தலைநகரின் குப்பை கோட்டோவின் கடலோரத்துக்கே போனது. 1957இல் யுமேனோஷிமா என்ற திட்டில் கொட்டத் தொடங்கினார்கள். கனவுத் தீவு என்று பொருள், கடற்கரைப் பொழுதுபோக்குத் தலமாக்க நினைத்து வைத்த பெயர். 1965 கோடையில் அந்தக் குப்பை மேட்டிலிருந்து ஈக்கள் கிளம்பிப் பக்கத்து ஊரை மூடின. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மதிய உணவு உண்ண முடியவில்லை. கடைசியில் மேட்டுக்குத் தீ வைத்தார்கள். அந்தத் திட்டு நிறைந்ததும் பக்கத்திலேயே அடுத்த திட்டு. ஆயிரக்கணக்கான லாரிகள் நாள்தோறும் சொட்டச் சொட்டக் கோட்டோவின் தெருக்கள் வழியே போயின.

எங்கள் குப்பையை நாங்கள் சுமக்கிறோம், உங்களுடையதை ஏன் சுமக்க வேண்டும் என்று கோட்டோ மக்கள் கேட்டார்கள். டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி 1971 செப்டம்பரில் இதைக் குப்பைப் போர் என்றே அறிவித்தார். ஒவ்வொரு வார்டிலும் எரியூட்டு ஆலை வேண்டும் என்று முடிவாயிற்று. மேற்கே வசதியானவர்கள் வாழும் சுகினாமி வார்டில் தகாய்தோ என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்தவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் ஆலை வேண்டாம் என்று எதிர்த்தார்கள். கோட்டோ பொறுக்கவில்லை. 1972 டிசம்பரிலும் 1973 மேயிலும் சுகினாமியிலிருந்து வந்த குப்பை லாரிகளைக் கோட்டோ மக்கள் சாலையில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். வார்டின் தலைவரும் உறுப்பினர்களும் சேர்ந்து நின்றார்கள். சுகினாமித் தெருக்களில் குப்பை தேங்கியது. 1974இல் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, ஆலை பின்னர் அங்கேயே எழுந்தது. 2000 ஏப்ரலில் குப்பை வாரும் பொறுப்பே பெருநகர அரசிடமிருந்து வார்டுகளுக்கு மாறியது. ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனி விதி இருப்பது ஏன் என்று வெளிநாட்டவர் அலுத்துக்கொள்வார்கள். இதுதான் காரணம். யுமேனோஷிமா இன்று மரங்கள் அடர்ந்த பூங்கா. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் வில்வித்தை வீரர்கள் அம்பெய்தது அங்கேதான்.

ஆக, காலை எட்டு மணிக்குள் பையைக் கட்டி வைப்பது சுத்தத்தின்மேல் பற்று மட்டும் இல்லை. ஓர் ஏழை வட்டாரம் பணக்கார வட்டாரத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு நகரம் நாள்தோறும் எழுதும் பதில் அது. சென்னையின் குப்பைக் கிடங்குகள் இருக்கும் கொடுங்கையூரையும் பெருங்குடியையும் அறிந்தவர்கள் முன்னால் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த வரலாறு எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. கிழமை அட்டவணையை மட்டும் பல மொழியில் அச்சடித்துத் தருகிறார்கள். எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் கட்டடத்துக்கு எதிர்ச்சாரியில் தனி வீட்டில் இருந்த ஒரு மூதாட்டி. சிறு வயதில் கோட்டோவில் வளர்ந்தவர். சோற்றின்மேல் ஈ மொய்த்ததைக் கையால் காட்டிச் சொன்னார். அவர் தெருவில் அக்கம்பக்கத்தார் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகப் போகும். படித்து, முத்திரை வைத்து, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தச் சாரியில் ஒரு பிலிப்பினோ குடும்பம் புதிதாக வந்தபோது, படிக்கத் தெரியாதவர்களிடம் எதற்குப் பலகை என்று சிலர் தாண்டிவிடப் பார்த்தார்கள். மூதாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கத் தெரியாவிட்டாலும் பலகை அவர்கள் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், கொடுக்கும்போது வாயால் சொல்லிக் கொடுப்போம் என்றார். அப்படியே நடந்தது. ஒரு பலகையை அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போவதைவிடச் சிறிய வேலை உலகத்தில் இல்லை. அந்த வேலையைத் தங்களிடம் ஒப்படைத்த நாளில் அந்தக் குடும்பம் தெருவாசிகள் ஆனது.

உளுந்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நிஷி-கசாயில் கிடைக்கும்; இல்லையென்றால் ரயிலேறி ஒகாச்சிமாச்சி, ஷின்-ஓகுபோ போக வேண்டும். உளுந்து எளிது, மற்றவைதான் கடினம். மரக்கறி உண்பவர் உறையின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்களைக் குறிக்கச் சட்டம் உண்டு: இறால், நண்டு, கோதுமை, பக்வீட், முட்டை, பால், நிலக்கடலை, 2023இல் சேர்ந்த வால்நட் போன்றவை. மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் வராது. அங்கே குழம்புக்கும் கீரைக்கும் சோயாச் சாற்றுக்கும் அடிப்படைச் சுவையே உலர்த்திய சூரை மீன் சீவல். யாழ்ப்பாணத்துச் சமையலில் மாசிக் கருவாடு என்ன செய்கிறதோ அதை அங்கே அது செய்கிறது. ஆகவே நான்கைந்து கான்ஜி எழுத்துகளைப் படமாக மனத்தில் பதித்துக்கொண்டு கடையில் நிற்பார்கள் நம் பெண்கள். அவர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் பட்டியலுக்கு நிகரான பாடநூல் எந்த மொழிப் பள்ளியிலும் இல்லை. எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார், எந்தப் பள்ளியில் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிட அனுமதிப்பார்கள் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். பொறியாளர்கள் கட்டிய குடியிருப்பு என்று நிஷி-கசாயை எழுதுகிறார்கள். பொறியாளர்கள் காலையில் ரயிலேறிப் போய்விடுவார்கள். அங்கே ஊரைக் கட்டியவர்கள் பகலெல்லாம் சில்லறை வேலை செய்த இந்தப் பெண்கள்.

ஓட்டு இல்லை என்று தொடங்கினேன். 2019 ஏப்ரலில், புனேயிலிருந்து வந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்றிருந்த யோகேந்திர புராணிக் எடோகாவா வார்டு மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு வாக்களித்தவர்கள் ஜப்பானியர். வேறு யாரும் வாக்களிக்க முடியாதல்லவா.

நம் ஊரைப் பற்றி ஒன்று. திருப்பூரிலும் கோவையிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். இந்தியக் குடிமக்கள், ஓட்டு இருக்கிறது, ஆனால் அது அவர்களுடைய ஊரில் இருக்கிறது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்த பிறகு, அவர்கள் இங்குள்ள கடையில் அரிசி வாங்கச் சட்டத்தில் வழி வந்துவிட்டது. சட்டத்தில் வழி வந்ததும் கவுன்டரில் வழி வந்ததும் ஒன்றாகிவிடாது. கடைக்காரருக்கு இந்தி தெரியாது, வந்தவருக்குத் தமிழ் தெரியாது, துணி ஆலையில் தேய்ந்த விரலை இயந்திரம் சில நேரம் ஏற்காது. அந்த வரிசையில் நிற்கும் ஒருவருக்கு முன்னாலோ பின்னாலோ நாம் நிற்கிறோம். டோக்கியோவில் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டிய அந்தப் பெண்ணை எனக்கு அங்கே நினைவு வருகிறது. வட்டமிட ஒரு பென்சில் போதும்.

இறுதியாக, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் இந்த ஆண்டு ஜப்பான் போகப்போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி.

1995 ஜனவரியில் கோபே நகரத்தை நிலநடுக்கம் தாக்கியபோது, அறிவிப்புகளைப் படிக்கவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் முடியாமல் வெளிநாட்டவர் மிகுதியாகத் துன்பப்பட்டார்கள். எங்கே தண்ணீர் தருகிறார்கள் என்று தெரியவில்லை, எங்கே தங்கலாம் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஹிரோசாக்கி பல்கலைக்கழகத்தில் சாத்தோ கசுயுகி என்ற மொழியியலாளரும் அவருடைய குழுவினரும் எளிய ஜப்பானியம் என்ற முறையை உருவாக்கினார்கள். குறுகிய வாக்கியம், கடினச் சொல் இல்லை, கான்ஜிக்கு மேல் ஒலி எழுத்து. எல்லா மொழியிலும் மொழிபெயர்க்க நேரம் இருக்காது. ஆகவே தங்கள் மொழியையே வந்தவருக்காக எளிதாக்கிப் பேசுவது என்று முடிவெடுத்தார்கள். இன்று வார்டு அலுவலகங்களில் அந்த முறையில் அறிவிப்புகள் வருகின்றன. 2024 புத்தாண்டன்று நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோது, ஆழிப்பேரலை வருகிறது, ஓடுங்கள் என்று பொதுத் தொலைக்காட்சி ஒலி எழுத்திலேயே பெரிதாகத் திரையில் போட்டது. ஆகவே போவதற்கு முன்பே ஹிராகானா என்ற அந்த ஒலி எழுத்துகளைக் கற்றுக்கொண்டு போங்கள். கான்ஜி பிறகு வரட்டும்.

இன்னொன்று, நான் இருந்த எடோகாவா வார்டின் பெரும்பகுதி கடல் ஏற்றத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019 மே மாதம் வார்டு நிர்வாகம் வெள்ள வரைபடம் ஒன்றை வெளியிட்டது. அதன் அட்டையில், பெருவெள்ளம் வரும்போது இங்கே இருக்கக் கூடாது என்று தன் வார்டைப் பற்றியே அச்சிட்டிருந்தார்கள். ஐந்து மாதத்தில் ஹகிபிஸ் புயல் வந்தது. வார்டின் மேற்குப் பகுதியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேறச் சொன்னார்கள். ஆறுகள் அன்று கரைக்குள் நின்றன. இப்படிப்பட்ட வரைபடம் உங்கள் வார்டு அலுவலகத்திலும் இலவசமாகக் கிடைக்கும். முகவரி பதியப் போகும் அன்றே கேட்டு வாங்குங்கள். வார்டை விட்டு வெளியேற முடியாமல் போனால் எந்தப் பள்ளியில் ஒதுங்கலாம் என்று அதில் பார்த்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை அங்கே நடந்து போய் வாருங்கள், எந்த வாயில் வழியாக நுழைவது என்று தெரிந்துகொள்ளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டில் உங்களுக்குப் பின்னால் குடிவந்தவர் யாரேனும் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.